காதுக்கு எழுந்த இலக்கணம்: நடுநிலை வகுப்பில் யாப்பும் அணியும்

தொல்காப்பியத்தின் செய்யுளியல் யாப்பு நிகழும் இடங்கள் ஏழு என்று கணக்கிடுகிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி ஆகிய நான்கும் யாரும் எதிர்பார்ப்பவை. மற்ற மூன்றுதான் வியப்பைத் தருபவை: பிசி, அங்கதம், முதுசொல். பிசி என்பது விடுகதை. முதுசொல் பழமொழி. அங்கதம் கேலியும் வசையும் கலந்த பேச்சு. ஆறாம் வகுப்புப் பிள்ளை மதிய இடைவேளையில் தோழியிடம் போடும் விடுகதையும், பாட்டி வாயிலிருந்து பொறுக்கிக்கொண்ட பழமொழியும், பக்கத்துப் பெஞ்சுக்காரனை நையாண்டி செய்யக் கட்டிய வரியும் நம் மிகப் பழைய இலக்கண நூலின்படி யாப்பின் எல்லைக்குள் அடங்குபவை. விடுகதையைத் தொல்காப்பியர் இரண்டு வகையாகப் பிரித்தும் காட்டுகிறார். ஒன்று ஒப்புமையை வைத்துக் கட்டுவது. மற்றொன்று சொன்ன அடையாளங்களைக் கொண்டு சொல்லாததைத் துணியவைப்பது.

இப்படி வீட்டிலும் தெருவிலும் கிடப்பது பள்ளிக்குள் நுழையும்போது அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று வரிசையாக வரையறைகள்; ஒவ்வொன்றுக்கும் வகைகள்; வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. அணிக்கும் இதே கதி. 11 முதல் 13 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இவை கடினம் என்ற புலம்பல் ஆசிரியர்களிடையே பொதுவாகக் கேட்பது. அந்த வயதுக்கு யாப்பு கடினமானது என்று நான் நினைக்கவில்லை. கேட்பவருக்காக எழுந்த ஓர் இலக்கணத்தை நாம் கண்ணால் படிக்கும் பாடமாக நடத்துகிறோம். வரிசையையும் தலைகீழாக்கிவிட்டோம்.

பழைய வரிசை என்ன? திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று மனப்பாடம் செய்தது. பிறகு சதகங்கள், நிகண்டு, அந்தாதிகள். நூற்றுக்கணக்கான செய்யுள்கள் நாவில் ஏறிய பிறகே யாப்பிலக்கணம். உ.வே. சாமிநாதையர் 1871இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்கு முன், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை கற்றதை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அதற்குள் அவருக்குப் பாடல்கள் ஏராளமாக மனப்பாடம்.

காரிகையின் அமைப்பே இந்த வரிசைக்குச் சான்று. அமிதசாகரர் அதை ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்தி, கட்டளைக் கலித்துறையில் பாடினார். விதிகளுக்கான சூத்திரங்களுக்கு நடுவே ‘முதல் நினைப்புக் காரிகை’ என்று ஒருவகைச் செய்யுள்கள் வருகின்றன. எடுத்துக்காட்டுப் பாடல்களின் தொடக்கச் சொற்களை மட்டும் அவை கோத்துத் தருகின்றன. முழுப்பாட்டு மாணவரின் நினைவில் இருக்கும், முதற்சொல்லைத் தொட்டுக்காட்டினால் போதும் என்பது அதன் ஏற்பாடு. இன்றைய மாணவருக்கு எடுத்துக்காட்டே விதியோடுதான் முதன்முதலாக அறிமுகமாகிறது. காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்குப் பெயர் சூட்டுவது வேறு. கேட்டே அறியாத ஒன்றின் பெயரை உருப்போடுவது வேறு.

தொடைகளும் நினைவின் தேவையில் வேர்விட்டவை. எதுகையை வெறும் அழகு என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைக் கூறுவது. அதில் செய்யுள்கள் எதுகை எழுத்தின் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ககர எதுகைச் சொற்கள் ஓரிடம், அடுத்த எழுத்துக்கு அடுத்த இடம். தேடும் சொல்லின் இரண்டாம் எழுத்து தெரிந்தால் பாட்டு நினைவுக்கு வந்துவிடும். சொற்களை அகர வரிசையில் அடுக்கிய ரேவணசித்தரின் அகராதி நிகண்டு 1594இல் எழுந்தது. எதுகை செய்த வேலையை அங்கே முதலெழுத்து எடுத்துக்கொண்டது. அந்தாதியும் அப்படித்தான். முடிந்த சொல் அடுத்த பாட்டைக் கையோடு இழுத்துவருவதால் நூறு பாட்டும் வரிசை குலையாமல் நிற்கும். பேருந்தில் சுற்றுலா போகும் பிள்ளைகள் சினிமாப் பாட்டை வைத்து அந்தாக்ஷரி ஆடும்போது இதன் தூரத்து உறவைத்தான் ஆடுகிறார்கள்.

மோனையில் ஒரு சிக்கல் இப்போது புதிதாக முளைத்திருக்கிறது. ஆங்கில வகுப்பில் முதலொலி ஒப்புமை, ஈற்றொலி ஒப்புமை ஆகியவற்றைப் படித்த பிள்ளை அவற்றையே மோனை, இயைபு என்று எடுத்துக்கொள்கிறது. பாதி சரி. தமிழ் மோனைக்கு அதே எழுத்து வரவேண்டிய கட்டாயம் இல்லை. இன எழுத்து போதும். உயிரில் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் ஒன்றுக்கொன்று மோனை. ‘சட்டை’க்குத் ‘தண்ணீர்’ மோனை என்றால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லி, நாக்கு எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்கச் சொன்னால் விவாதம் தானே சூடுபிடிக்கும். எதுகைக்கு நிபந்தனை இன்னும் நுட்பம்: இரண்டாம் எழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்கவேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். இதற்குமேல் இணை, பொழிப்பு, ஒரூஉ என்று விரியும் தொடை விகற்பங்களை இந்த வயதில் தொடவேண்டாம். பிற்கால யாப்பு நூல்களின் கணக்கில் அவை 43. தொல்காப்பியம் சொல்லும் தொகை பதின்மூவாயிரத்தைத் தாண்டுகிறது. நல்லவேளையாக அது எந்த வினாத்தாளிலும் ஏறவில்லை.

அசைக்கு வருவோம். மாணவர்கள் மிரளும் இடம் இதுதான். குறில் தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நேர்; நெடிலும் அவ்வாறே. இருகுறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ, ஒற்றடுத்தும் அடுக்காமலும் வந்தால் நிரை. விதி இவ்வளவுதான். வாய்பாட்டுப் பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல, மாதிரிகள் என்பதை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ‘தேமா’ என்ற சொல்லே நேர்நேர், ‘புளிமா’ நிரைநேர், ‘கூவிளம்’ நேர்நிரை, ‘கருவிளம்’ நிரைநிரை. இசையமைப்பாளர் மெட்டைத் ‘தன்னன்னா’ என்று தத்தகாரமாகக் கொடுக்க, பாடலாசிரியர் அதற்குச் சொல் போடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைக்கு, தேமாவும் புளிமாவும் மரங்களின் பெயரில் அமைந்த தத்தகாரம் என்று சொன்னால் போதும்.

வகுப்பில் இதற்குக் கைவசம் இருக்கும் நல்ல கருவி வருகைப் பதிவேடு. வாணி என்றால் தேமா. குமரன் புளிமா. ஆதவன் கூவிளம். கயல்விழி கருவிளம். தமிழரசி மூன்று அசை, கருவிளங்காய். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே மேசையில் தட்டிப் பிரித்துக்கொள்ளலாம். அடுத்து, வெண்பாவின் தளை விதி: மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும், விளச்சீருக்குப் பின் நேர், காய்ச்சீருக்குப் பின்னும் நேர். கடைசிச் சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றின் அச்சில் அமையவேண்டும். இனி இந்த வருகைப் பதிவைப் பாருங்கள்:

வாணி குமரன் கயல்விழி ஆதவன்
வேணி தமிழரசி சேது.

இது ஒரு குறள் வெண்பா. பொருள் ஒன்றும் இல்லை, ஆனால் தளை எங்கும் பிசகவில்லை. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. வாணிக்கு வேணி எதுகை. ‘சேது’ காசு என்னும் வாய்பாட்டில் முடிகிறது. குமரனையும் ஆதவனையும் இடம் மாற்றி உட்காரவைத்தால் ‘வாணி ஆதவன்’ என்று மாவுக்குப் பின் நேர் வந்து தளை தட்டும். இரண்டு வரிசையையும் வாய்விட்டுச் சொல்லவைத்தால், எது தங்குதடையின்றி ஓடுகிறது, எது இடறுகிறது என்று சிலருக்கு உடனே பிடிபடும், சிலருக்கு நாளாகும். வெண்பாவில் முடிக்கத் தகுதியுள்ள பெயர் வகுப்பில் யாருக்கெல்லாம் வாய்த்திருக்கிறது என்று தேடவிட்டால் நிலாவும் கவினும் அன்று முழுக்கத் தலைநிமிர்ந்து நடப்பார்கள்.

பொருளோடு ஒன்று கட்டிப்பார்க்கலாம். இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய குறள் இது:

மாடி வெயிலில் மணல்போல் பரந்தநெல்
கூடிவந்து கொத்தும் புறா.

சீர் பிரித்தால் தேமா, புளிமா, புளிமா, கருவிளம். கூவிளங்காய், தேமா, மலர். ‘மாடி’க்குக் ‘கூடி’ எதுகை. ‘மாடி’யும் ‘மணல்’உம் மோனை; ‘கூடி’யும் ‘கொத்தும்’உம் இன மோனை. இதில் புறாவை எடுத்துவிட்டுக் குருவியை வைக்கலாமா? நிரையில் தொடங்குவதால் தளைக்குக் குறைவில்லை. ஆனால் ‘குருவி’ நிரைநேராகி, வெண்பாவின் ஈற்றில் நிற்கமுடியாமல் போகிறது. ‘குருகு’ என்று மாற்றினால் நிற்கும். கடைசியில் உள்ளது குற்றியலுகரம். ‘பிறப்பு’ என்னும் வாய்பாட்டுக்குள் அது அடங்கிவிடுகிறது. ஓர் இகரம் செய்யாததை ஒரு குற்றுகரம் செய்கிறது. குறுகி ஒலிக்கும் உகரம் என்று ஏட்டில் படித்ததை இங்கே காது சரிபார்க்கலாம்: இரண்டையும் சொல்லிப்பாருங்கள், ‘குருகு’ சட்டென்று முடியும், ‘குருவி’ இழுக்கும். குருகு நெல் தின்னுமா என்று ஒரு கிராமத்துப் பிள்ளை கேட்டால் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கவேண்டும். யாப்பில் தேறிய பறவை வயலில் தேறவில்லை.

அச்சு இங்கே ஒரு சிக்கலைக் கொண்டுவந்து சேர்த்தது. மேற்படி குறளைச் சொல் பிரித்து ‘பரந்த நெல்’, ‘கூடி வந்து’ என்று அச்சிட்டால் படிக்க எளிது. கண்ணுக்கு முதலடியில் ஐந்து சீரும் இரண்டாமடியில் நான்கும் தெரியும். குறள் வெண்பா என்பதே பொய்போல ஆகிவிடும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாகக் கொண்டுவந்ததால் எத்தனையோ பொது வாசகர்களுக்குக் கதவு திறந்தது. அந்தத் தொண்டைக் குறைசொல்ல வழியில்லை. பொருள் அறியச் சொற்பிரிப்பும் ஓசை அறியச் சீர்பிரிப்பும் வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் இரண்டையும் அருகருகே வைப்பதற்கு ஆகும் தாள் செலவு அதிகமில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மாணவரே ஊகிக்கவேண்டும் என்று விடுவதால்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

தேர்வு இந்தத் தடுமாற்றத்தைக் கெட்டியாக்குகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு குறளைக் கொடுத்து அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வது வழக்கம். சீர், அசை, வாய்பாடு என்று மூன்று பத்திக் கட்டம் போட்டு நிரப்பினால் மதிப்பெண். நடுநிலை வகுப்பு ஆசிரியர்களும் அந்தக் கட்டத்தை மனத்தில் வைத்தே தொடங்குகிறார்கள். சீர்களைத் தனித்தனிப் பெட்டியில் அடைக்கும் அந்தக் கட்டத்தில் சீருக்கும் சீருக்கும் இடையிலான உறவுக்கு இடமே இல்லை. வெண்பாவின் உயிரோ அந்த உறவில் இருக்கிறது. ஒரு சீரைத் தவறாக மாற்றிக் கொடுத்து, ‘இடறும் இடம் எது, எந்தச் சொல்லைப் போட்டால் சரியாகும்’ என்று கேட்கும் வினா அமைத்தால் விடைகள் பலவாக இருக்கும். திருத்துவதற்கு நேரம் பிடிக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு தடை எனக்குத் தெரியவில்லை.

அணியை யாப்புக்கு வெகுதூரத்தில், தனிப்பாடமாக வைத்திருப்பதும் சரியில்லை. அணிகளின் தொகை காலந்தோறும் வளர்ந்தது. வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவி எழுந்த தண்டியலங்காரத்தில் பொருளணிகள் 35. திருக்குருகைப் பெருமாள் கவிராயரின் மாறனலங்காரத்தில் அவை 64. தொல்காப்பியத்தில் அணிக்கென்று உள்ள இயல் உவமவியல் ஒன்றே. அங்கே உவமையை அளக்க நான்கு அளவுகோல்கள்: வினை, பயன், மெய், உரு. எதைப்போலச் செய்கிறது, எதைப்போலப் பயன்படுகிறது, எதன் வடிவில் இருக்கிறது, எதன் நிறத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த நான்கு கேள்விகளே போதும். எடுத்துக்காட்டு உவமை, இல்பொருள் உவமை, ஏகதேச உருவகம் முதலியவற்றுக்கு அவசரமில்லை.

உவம உருபுகளின் கதை தனிச் சுவை. தொல்காப்பியம் 36 உருபுகளைத் தொகுத்துச் சொல்கிறது. நன்னூலில் அவை 12. இன்று பேச்சில் புழங்குபவை இன்னும் சில: ‘மாதிரி’, ‘குரங்காட்டம்’ என்பதில் வரும் ‘ஆட்டம்’, தெற்கே ‘பேய் கணக்கா’ என்பதில் வரும் ‘கணக்கா’. புரைய, கடுப்ப, ஏய்ப்ப என்று மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளை தன் வாயிலேயே மூன்று உருபுகள் இருப்பதை அறிவதில்லை. அவற்றிலிருந்து தொடங்கினால் ‘அன்ன’வுக்குப் போகும் வழி சுலபம்.

மறுபடி நம் குறள். நெல்லுக்கு மணல் உவமை சரியா? பரந்து கிடப்பதில் வினை ஒக்கிறது. மணிமணியாக இருப்பதில் மெய்யும் ஒக்கிறது. நிறம் ஏறக்குறைய. பயன் சுத்தமாக ஒக்கவில்லை. போதாக்குறைக்கு, உவமையாக வருவது பொருளைவிட உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. மணல் நெல்லைவிட உயர்ந்ததா? உழவர் வீட்டுப் பிள்ளை சண்டைக்கே வரும். சரி, பொன் என்று மாற்றுவோம். ‘வெயிலில் பொன்போல்’ என்றால் புளிமாவுக்குப் பின் நேர், தளை தட்டுகிறது. ‘பசும்பொன்போல்’ என்று நிரையில் தொடங்கினால் அது காய்ச்சீராகி, அடுத்து வரும் ‘பரந்தநெல்’லோடு இடிக்கிறது. உருபைக் கைவிட்டால் வழி பிறக்கும்:

மாடி வெயிலில் பரப்பிய நெற்பொன்னைக்
கூடிவந்து கொத்தும் புறா.

தளை சரியாகிவிட்டது. ‘போல்’ போனதால் உவமை உருவகமாகிவிட்டது: நெல்லாகிய பொன். நிறமும் மதிப்பும் சேர்ந்ததால் புறா இப்போது வெறுமனே கொத்தவில்லை, கொள்ளையடிக்கிறது. ‘பரந்த’ என்பது ‘பரப்பிய’ என்றானதில் பாட்டுக்குள் நெல்லைக் காயவைத்த ஒரு மனிதரும் வந்து சேர்ந்தார். கைவிட்டுப் போனது ‘மாடி, மணல்’ மோனை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் இந்தப் பேரத்தைப் பலகையில் ஒருமுறை கண்முன் நடத்திக்காட்டினால், உவமை அணிக்கும் உருவக அணிக்கும் வேறுபாடு எழுதுக என்ற வினாவுக்கு அந்த வகுப்பு ஆயுளுக்கும் விடை மறக்காது. யாப்பு கவிஞரின் கையைக் கட்டுகிறது என்பார்கள். இங்கே அது சாதாரண உவமையை விட்டுவிடச் சொல்லி அவரை வேறு பக்கம் தள்ளியது. எப்போதும் இப்படி நல்லதே நடக்கும் என்று சொல்லமாட்டேன். தளைக்காகச் செருகிய அசைச்சொற்களால் பொதிந்த வெண்பாக்கள் நம்மிடம் ஏராளம்.

சொல்லணிகளில் சிலேடை ஒன்றே இந்த வயதுக்குப் போதும். சிலேடைக்குப் பேர்போன காளமேகத்தின் பெயர் பாடப்புத்தகத்தில் தலைகாட்டியதும் வகுப்பு கலகலப்பாகிவிடும்.

புதிய வடிவங்களில் பள்ளிக்குள் அதிகம் நுழைந்திருப்பது ஹைக்கூ. 1916இல் ‘சுதேசமித்திர’னில் பாரதி ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதினார். பிற்காலத்தில் அது தமிழில் மூன்று வரி வடிவமாக நிலைபெற்றது. ஜப்பானியத்தில் ஐந்து, ஏழு, ஐந்து என்று ஒலியலகுகளை எண்ணுகிறார்கள். அங்கே நெடிலுக்கு இரண்டு அலகு, சொல்லிறுதி ஒற்றுக்கும் ஓர் அலகு. நம் யாப்பிலோ க, கல், கா, கால் நான்கும் ஒரே நேரசை. இரண்டு மொழிகளும் ஒலியை வெவ்வேறு தராசில் நிறுக்கின்றன. அதனால் பதினேழு என்ற எண்ணைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் பயன் ஒன்றும் இல்லை. தமிழ் ஹைக்கூக்காரர்கள் பெரும்பாலும் அதை வற்புறுத்தவும் இல்லை. எண்ணிக்கை போய்விட்ட இடத்தில், ஒரு வாக்கியத்தை மூன்றாக மடக்கினால் ஹைக்கூ என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதே புறாவை வைத்தே பார்க்கலாம்:

மாடியில் காயும் நெல்
விரட்ட ஆளில்லை
புறாக்கள் மெதுவாக நடக்கின்றன

இதில் தளை இல்லை, எதுகை இல்லை, உவமையும் இல்லை. வேலையெல்லாம் ‘மெதுவாக’ என்ற சொல்லின் தலையில். அதை எடுத்துவிட்டு ‘வேகமாக’ என்று போட்டால் யாரோ வருகிறார்கள் என்றாகும். இரண்டாம் வரியைக் கடைசிக்குத் தள்ளினால் கவிதை காரணம் சொல்லும் கட்டுரையாக இறங்கிவிடும். புறா நடக்கும் விதமே ஆளில்லை என்பதைச் சொல்லிவிடும்போது இரண்டாம் வரி எதற்கு என்று ஆசிரியர் கேட்கலாம். எடுத்துவிட்டால் இரண்டு வரிதானே மிச்சம், அது ஹைக்கூ ஆகுமா என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்கும். அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று மீதி வகுப்பு நேரத்தை அதற்கே விட்டுவிடலாம்.